பதினைந்து கிலோவுக்கு அரை முட்டை

வளர்ச்சிக் கண்காணிப்பு உதவியாளர் என்பது அவருடைய பதவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோரும் அவரைத் தராசுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். குழந்தை வறுமை ஒழிப்புத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். பைக்குள் ஏறி நின்று எடை பார்க்கிற வட்டத் தராசு ஒன்று இருக்கும். முதல் சில வருடங்கள் அவர் தராசைச் சுமந்தார். அப்புறம் தராசு இல்லாமல் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போக ஆரம்பித்தார்.

துறையின் விதி எளிமையானது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பதினைந்து கிலோ என்பது கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தை ஏழை. அதற்குத் துறை நடத்தும் குழந்தைகள் மையத்தில் தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். கோட்டுக்கு மேலே போய்விட்டால் திட்டம் வெற்றி. அதற்குக் கைதட்டல்.

முட்டைக்கு நிதி கேட்க ஒரு பிரிவு, கைதட்டல் வாங்க ஒரு பிரிவு. முன்னதற்குத் தேவைப் பிரிவு என்று பெயர், பின்னதற்குச் சாதனைப் பிரிவு. இரண்டும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. தேவைப் பிரிவின் இயக்குநர் ஒல்லியான அம்மையார். 'காலை வணக்கம்' என்று அவர் சொன்னாலே யாருக்கோ உடம்பு முடியவில்லை போலத் தோன்றும். சாதனைப் பிரிவின் இயக்குநர் தொப்பையும் சிரிப்புமாக இருப்பவர். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட அதை ஒரு சாதனையாகச் சொல்லத் தெரிந்தவர். இரண்டு பேரும் லிப்டில் "நீங்க முதல்ல", "பரவாயில்ல, நீங்க" என்று சொல்லிக்கொள்வதோடு சரி, மற்றபடி முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

வருடத் தொடக்கத்தில் தேவைப் பிரிவு எடை பார்க்கும். அப்போது குழந்தைகள் இளைத்திருக்க வேண்டும். வருடக் கடைசியில் சாதனைப் பிரிவு எடை பார்க்கும். அப்போது அதே குழந்தைகள் கொழுத்திருக்க வேண்டும். இளைக்காத குழந்தைக்கு நிதி வராது, கொழுக்காத மையத்தை மூடிவிடுவார்கள். குழந்தைகளுக்கு இந்தக் கால அட்டவணை தெரியாததால், அந்தப் பொறுப்பும் தராசுக்காரர் தலையில்தான் விழுந்தது.

தராசின் விளிம்பில், அடிப்பக்கமாக, ஒரு சின்னத் திருகு உண்டு. முள் பூஜ்யத்தில் நிற்பதற்காகக் கம்பெனிக்காரன் வைத்தது. முதல் வருடம் ஒரு பையன் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை போய்விட்டான். அவ்வளவுதான், முட்டை கட். மறுநாள் அவன் பக்கத்துப் பையன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தராசுக்காரரால் தாங்க முடியவில்லை. அடுத்த முறை திருகை இடது பக்கம் லேசாகத் தள்ளினார். நல்ல மனசோடு செய்ததுதான். வருடக் கடைசியில் "உங்க மையத்துல முன்னேற்றமே இல்லையே, மூடிடலாமா?" என்று சாதனை இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்டபோது, திருகு வலது பக்கமும் போகும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துக் குழந்தைகளின் வறுமை ஏறுவதும் இறங்குவதும் அவருடைய கட்டை விரலில் இருந்தது. குழந்தை ஏறி நிற்கும்வரை முள்ளின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு வைப்பார். தூசி படக்கூடாதாம்.

போன வருடக் கடைசியில்தான் விரல் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. சாதனைப் பிரிவு வழவழப்பான தாளில் அறிக்கை அடித்து நிதித் துறைக்கு அனுப்பியது. நிதித் துறையில் யாரோ ஒருவர் அதை உண்மையிலேயே படித்துத் தொலைத்தார். 'குழந்தைகள் தேறிவிட்டார்கள், மகிழ்ச்சி' என்று பதில் வந்தது. கூடவே பால் நின்றது. தினம் ஒரு முட்டை என்பது வாரத்துக்கு இரண்டு என்று ஆனது.

இதெல்லாம் ஊர்க் குழந்தைகள் சமாச்சாரம் என்று இருந்திருந்தால் தராசுக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். ஆனால் அவர் எடை பார்க்கும் மையத்தில் மிளகு இருந்தாள்.

மிளகு அவருடைய தங்கை மகள். உருவம் சின்னது, வாய் காரம், அதனால் அந்தப் பெயர். தங்கை ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைப்பவள். அவள் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போய், வேலைக்குப் பதிலாக இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். மிளகை மையத்தில் சேர்த்துவிட்டதே தராசுக்காரர்தான். சேர்க்கும்போது தங்கையிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்மா. வறுமையை ஒழிக்கிறவன் வீட்லயே வறுமைன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சரிண்ணா. அங்க பார்த்தா யாரோ மாதிரி நின்னுக்கறேன்," என்றாள் தங்கை. அதைக் கோபமில்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த உத்தரவு வந்தது. பெட்ரோல் செலவைக் குறைப்பதற்காக, இரண்டு பிரிவுகளும் இனிமேல் ஒரே வண்டியில் ஒரே நாளில் வந்து எடை பார்க்குமாம். நிதித் துறையிலிருந்து ஓர் அதிகாரியும் கூட வருவாராம்.

தராசுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. இடது பக்கம் திருப்பினால் சாதனைக்காரர் மையத்தை மூடுவார். வலது பக்கம் திருப்பினால் இருக்கிற இரண்டு முட்டையும் போய்விடும். அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். இத்தனை வருடத்தில் திருகைப் பற்றி அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "நம்ம வீட்டுத் தண்ணிக் குழாய் மாசக்கணக்கா ஒழுகுது. அதைத் திருகத் தெரியல. அங்க போய் ஊர்க் குழந்தைங்களைத் திருகிட்டு இருந்தீங்களா?"

"கிண்டல் பண்ற நேரமா இது? எந்தப் பக்கம் திருப்பறதுன்னு சொல்லு."

"எந்தப் பக்கமும் வேண்டாம். நடுவுல விட்டுட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்."

நடுவில்! அவருக்கு இது தோன்றவே இல்லை. தேவைக்காரருக்குக் கொஞ்சம், சாதனைக்காரருக்குக் கொஞ்சம், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. நடு என்பது இரண்டு பொய்களுக்கு இடையே ஒரு நியாயமான சமரசம் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். அங்கே உண்மை என்று ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. முதல் வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

மையம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரே அறை. சுவரில் திராட்சை, ஆப்பிள், மீன், பால் கிளாஸ் எல்லாம் பெயிண்டில் தாராளமாக இருந்தன. குழந்தைகள் முகம் கழுவி, தலை வாரி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் தங்கை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, சொன்ன சொல் தவறாமல், யாரோ மாதிரி கதவோரம் நின்றாள்.

மூன்று அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். நிதி அதிகாரி சின்ன வயசு. கையில் தண்ணீர் பாட்டில், கண் கைக்கடிகாரத்தில். "மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம் இல்ல?" என்பதுதான் அவர் குழந்தை வறுமையைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம்.

தராசுக்காரர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றது. "முதல்ல நீ வாம்மா," என்று மையத்து டீச்சர் மிளகைத்தான் கூப்பிட்டார். மிளகு துள்ளி வந்து ஏறினாள். முள் ஓடியது, தயங்கியது, பதிமூன்றில் நின்றது.

தராசுக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். போன வருடத் தொடக்கத்தில், திருகை முழுக்க இடது பக்கம் தள்ளி, வேண்டுமென்றே குறைத்துக் காட்டியபோதே மிளகு பதினாலு இருந்தாள். வருடக் கடைசியில் பதினேழு ஆக்கியதும் அவர்தான். இப்போது யாரும் எதையும் தள்ளவில்லை. அப்படியும் பதிமூன்று என்றால், பிள்ளை நிஜமாகவே இளைத்திருக்கிறாள். பாலையும் முட்டையையும் பிடுங்கியது நிதித் துறை இல்லை, தன் கட்டை விரல் என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

"என்னய்யா இது, பதிமூணா?" சாதனை இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இதே பொண்ணு போட்டோ நம்ம அறிக்கை அட்டையில இருக்கு. பதினேழுன்னு போட்டிருக்கோம்."

அடுத்த குழந்தை பன்னிரண்டரை. அதற்கடுத்தது பதிமூன்று. தேவை இயக்குநர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. "இவ்வளவு வேண்டாமே," என்றார் மெதுவாக. "பதினாலுக்குக் கீழ போனா அது வறுமை இல்ல, நோய். நோய்னா சுகாதாரத் துறைக்குப் போயிடும். நம்மகிட்ட குழந்தைங்களே மிஞ்ச மாட்டாங்க."

"தராசுல கோளாறு," என்று சாதனை இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். "இப்பவே நிரூபிக்கறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தொப்பை மறைத்ததால் அவருக்கு முள் தெரியவில்லை. "எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு," என்றார் டீச்சர்.

"பார்த்தீங்களா! நான் எண்பத்திரண்டு. காலேஜ் படிக்கும்போதே பார்த்தது. தராசு கூடக் காட்டுது."

நிதி அதிகாரிக்குக் கணக்கு என்றால் வாய் சும்மா இருக்காது. "சார், கூடக் காட்டுற தராசே பதிமூணு காட்டுதுன்னா, அந்தப் பொண்ணு அதைவிடக் குறைச்சல் இல்ல?"

சுவரில் இருந்த மீன்கூட ஒரு நிமிஷம் யோசித்தது போல இருந்தது. அரசாங்கத்தில் மேலே வருகிறவர்கள் சும்மா வருவதில்லை என்பதைச் சாதனை இயக்குநர் அப்போது காட்டினார்.

"இல்ல சார். இந்தத் தராசு பெரியவங்களுக்குக் கூடவும் சின்னவங்களுக்குக் குறைச்சலாவும் காட்டுது. ரெட்டைக் கோளாறு. எல்லா மையத்துக்கும் புதுத் தராசு வாங்கியே ஆகணும்."

"எந்த நிதியில?" என்றார் நிதி அதிகாரி.

"முட்டை நிதியிலதான். வேற எது இருக்கு? எடை பார்க்காம முட்டை குடுக்க விதியில இடம் இல்ல. அதனால புதுத் தராசு வர்ற வரைக்கும் முட்டையை நிறுத்தி வைப்போம். அந்தப் பணத்துல தராசு வாங்குவோம். வண்டி அழகா ஓடும்."

தேவை இயக்குநர் சோகமாகத் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டுவார் என்றாலும், இது சம்மதம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"தராசு பழுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க," என்றார் சாதனை இயக்குநர் தராசுக்காரரிடம். "சீனியர். உங்க சொல்லுக்கு மதிப்பு உண்டு."

தராசுக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். தங்கை அவரைப் பார்க்கவில்லை. மிளகின் பாவாடை நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஏற்கெனவே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஓய்வூதியம், வீட்டுக் கடன், காலேஜில் படிக்கிற இரண்டு பையன்கள் எல்லாம் அவர் கண் முன்னால் ஒரு தரம் வந்து போயின. பழுது என்று ஒரு வரி எழுதினால் இவை எல்லாம் பிழைக்கும். வாரத்துக்கு இரண்டு முட்டை மட்டும்தான் சாகும்.

"தராசுல கோளாறு இல்ல சார்," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "கோளாறு நான்தான்."

தராசைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். திருகைக் காட்டினார். இடது பக்கம் எதற்கு, வலது பக்கம் எதற்கு, கைக்குட்டை எதற்கு, எல்லாவற்றையும் சொன்னார். போன வருடம் எவ்வளவு கூட்டினார் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சஸ்பெண்டா, டிஸ்மிஸ்ஸா, எதுவானாலும் சரி, முட்டை பிழைத்தால் போதும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சாதனை இயக்குநர் தொப்பையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி கஷ்டப்பட்டுக் குந்தி உட்கார்ந்தார். திருகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். போன சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது.

"ஏன்யா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? வீணா பயமுறுத்திட்டீங்களே! ஏம்மா, நீ ஏறி நில்லு."

மிளகு மறுபடி ஏறி நின்றாள்.

"பதினாறு வைங்க," என்றார் சாதனை இயக்குநர்.

"பதினாறா?" தேவை இயக்குநர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார். "அப்புறம் நான் எதைக் காட்டி நிதி கேக்கறது? பதினாலு."

"போன வருஷம் பதினேழு மேடம். பதினாறே எனக்கு இறக்கம். உங்களுக்காக விட்டுக் குடுக்கறேன்."

"பதினாலரை. அதுக்கு மேல என்னால முடியாது."

தராசுக்காரரின் விரல் திருகில் இருந்தது. மிளகு நின்ற இடத்திலேயே மூன்று கிலோ கூடினாள், உடனே இரண்டு கிலோ இளைத்தாள், அப்புறம் அரைக் கிலோ தேறினாள். சந்தையில் பூசணிக்காய்க்குக்கூட இவ்வளவு பேரம் நடக்காது.

"மாமா, நான் இறங்கட்டுமா? கால் வலிக்குது," என்றாள் மிளகு.

"எவ்வளவு பாசமா மாமான்னு கூப்பிடுது பாருங்க!" தேவை இயக்குநர் நெகிழ்ந்து போனார். "இதுதான் நம்ம துறையோட பலம்."

"சொந்த மாமாதான் மேடம்," என்றார் தராசுக்காரர். "என் தங்கச்சி பொண்ணு. அதோ நிக்கறா பாருங்க, அவதான் என் தங்கச்சி. பதிமூணுதான் நிஜம். தயவுசெஞ்சு பதிமூணுன்னே எழுதுங்க. தினம் ஒரு முட்டை வேணும் இவளுக்கு. பால் வேணும்."

கதவோரம் நின்ற தங்கை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமாக யாரோவாக நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் தராசுக்காரருக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது.

"அப்படியா!" என்றார் தேவை இயக்குநர் கனிவாக. "சொந்தத் தங்கச்சி பொண்ணா? அப்போ உங்களுக்குத்தான் எல்லாரையும்விட அக்கறை இருக்கும். பார்த்து, பக்குவமா திருப்புங்க. பதிமூணு எழுதினா சுகாதாரத் துறைக்குத்தான் போகணும். அங்க முட்டை கிடையாது, மாத்திரைதான்."

நிதி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினைஞ்சுன்னு போடுங்களேன். ரெண்டு பேருக்கும் நடுவுல."

பதினைந்து! இரண்டு இயக்குநர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டுக்குக் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, சரியாகக் கோட்டிலேயே. கீழே இருந்தால் ஒரு முட்டை, மேலே இருந்தால் கைதட்டல். கோட்டிலேயே நிற்கிற குழந்தைக்கு என்ன என்று விதியில் இல்லை. விதியில் இல்லாததால் அங்கேயே, நின்றபடியே, ஒரு விதி பிறந்தது. தினம் அரை முட்டை. அரை முட்டைக்கான நிதியைத் தேவைப் பிரிவு கேட்கலாம். மீதி அரையை மிச்சப்படுத்திய பெருமையைச் சாதனைப் பிரிவு எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் பதினைந்து. இனிமேல் ஏறி நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

லிப்டில் மட்டுமே பேசிக்கொண்ட இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இருவரும் கை குலுக்குவதை நிதி அதிகாரி போட்டோ எடுத்தார். போகும்போது சாதனை இயக்குநர் தராசுக்காரரின் முதுகில் தட்டி, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா, வறுமை இருந்த இடம் தெரியாது," என்றார். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

புதிய விதி அன்றே அமலுக்கு வந்தது. டீச்சர் முட்டைகளை உரித்து, ஒரு நூலால் நடுவாக அறுத்து, தட்டுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு போனார். தராசுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளத் தெம்பில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் செய்த காரியம் அவருக்கே அசிங்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லியும் விரல் கடைசியில் திருகில்தான் இருந்தது.

தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். இந்தத் தடவை யாரோ மாதிரி நிற்கவில்லை.

"விடுண்ணா. வாரத்துக்கு ரெண்டுக்குப் பதிலா தினம் பாதி. கொஞ்சம் லாபம்தான்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

மிளகு அரை முட்டையை இரண்டே வாயில் தின்று முடித்தாள். கையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை நக்கினாள். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் எதுவும் இல்லை. அப்புறம் மாமாவிடம் வந்து, தராசுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள்.

"மாமா, கால் ரெண்டையும் சேர்த்து நேராத்தான் நின்னேன். ஆடவே இல்ல. நாளைக்கு வேற மாதிரி நிக்கறேன். எப்படி நின்னா முழு முட்டை குடுப்பாங்க?"